கயிற்றில் இறங்கிய மஞ்சள் பை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது போன வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த சமயம், மதுரை காளவாசலில் நான் குடியிருக்கும் வீட்டில்.

மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். வெளியூரில் இருக்கும் மகள் மாதாமாதம் பிரஷர் மாத்திரையைக் கூரியரில் அனுப்புவாள். கொண்டுவருபவருக்கு ஐம்பது வயதிருக்கும், கீழக்குயில்குடியில் வீடு. முட்டி வலிக்காரர். ஒருநாள் படியேறி வந்து கைப்பிடியைப் பிடித்தபடி பேச முடியாமல் நின்றார். இனி ஏற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து, காய்கறிக்கு விடுகிற மாதிரி கயிற்றில் மஞ்சள் பையை இறக்குவேன். பைக்குள் என் போனும் இருக்கும். அதில் வந்திருக்கும் ஓ.டி.பி. நம்பரை அவரே பார்த்துப் போட்டுக்கொண்டு, பார்சலோடு போனையும் திருப்பி வைப்பார். “இழுங்கம்மா. கைய விட்டீகன்னா ரெண்டும் என் தலையிலதான்” என்பார்.

ஒருநாள் கூரியர் ஆபீசிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். ஆட்களுக்கு லைன், அதாவது பார்சல் கொடுக்கிற பகுதி, மாற்றப் போகிறார்களாம், அதற்காக வீடுகளில் விசாரிக்கிறார்களாம். இவர் எப்படி என்று கேட்டாள். புது ஆளிடம் பேசினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் அவருக்காக நாலு நல்ல வார்த்தை சொல்ல நினைத்தேன்.

“தங்கமான மனுசன்த்தா. பாவம், முட்டி வலி, மாடியேற முடியாது. என் போனக்கூட அவர் கையிலதான் குடுப்பேன்.”

“அப்ப வாசல் வரைக்கும் வர்றதில்லையாம்மா?”

“இல்லத்தா, கயித்துலதான்.”

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் வேறொருவர் படியேறி வந்தார். பழையவரை மேலூர் லைனுக்கு மாற்றிவிட்டார்களாம். வாசலுக்கு வருவதில்லை, போனை வாங்கிப் பார்க்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அந்த யாரோ நான்தான் என்று விளங்க எனக்குச் சற்று நேரமானது. கீழக்குயில்குடி எங்கே, மேலூர் எங்கே. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அந்த முட்டியோடு தினமும் வண்டி ஓட்ட வேண்டும்.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். ஏற வேண்டாமென்று சொன்னது நான்தான், போனில் நான் சொன்னதை அழித்துவிடுங்கள் என்றேன்.

“உங்களால இல்லம்மா. ஒரே லைன்ல ரொம்ப நாள் இருந்தா மாத்துறதுதான்” என்றார் மேசையில் இருந்தவர்.

“கம்ப்ளெயின்ட் வந்தாத்தானண்ணே நடுவுல மாத்துவோம்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எது சரி என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வந்துவிட்டேன்.

புதியவரிடம் பழையவரின் நம்பரை வாங்கி அவருக்கே போன் போட்டு, நான் உளறியதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “விடுங்கம்மா. மேலூர்ப் பக்கம் மாடி வீடே கம்மி. எனக்கு இதுதான் சொகம்” என்றார். பின்னால் லாரிச் சத்தம். பிறகு, “மாத்திரைய நேரத்துக்குப் போடுறீகளா?” என்று கேட்டார்.

நிஜமாகச் சொன்னாரா, என் மனசுக்காகச் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை. மஞ்சள் பை இன்னும் மாடிக் கம்பியில்தான் தொங்குகிறது. நான் எழுதியதில் மாதமோ ஆபீஸ் வழக்கமோ தப்பாக இருக்கலாம். கூரியர் வேலை தெரிந்தவர்கள் யாராவது, ஒருவரை எப்போது, எதற்காக லைன் மாற்றுவார்கள் என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். ஒருவரை நல்லவர் என்று சொல்ல வாயெடுத்தாலே எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.