கொழும்புக்குப் போன பேராச்சி

பம்பாயில் பிழைத்துக் காட்டினவன் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. தாராவிப் பேராச்சி பட்டதைச் சரியாகச் சொல்ல நம்மை விட்டால் ஆள் கிடையாது. காலேஜ் படித்தவன் கையில் கொடுத்தால் அழுது வடிப்பான். நடந்ததை நடந்தபடி சொல்ல அவ்வளவு படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

அறுபத்தோராம் வருசம். பேராச்சிக்குத் தோல் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் உப்புத் தட்டுகிற வேலை. மாட்டுத் தோலை விரித்துப் பழைய உப்பை உதறிவிட்டுப் புது உப்பைத் தேய்க்க வேண்டும். கை வெடிக்கும். வெடிப்பிலும் உப்பு ஏறும். அவள் முகம் சுளித்து எவனும் பார்த்ததில்லை. யார் தயவும் இல்லாமல் நாலு தகரத்தை நிறுத்தி வீடு என்று பேர் வைத்தவள். அப்படிப்பட்ட ஆட்கள் கட்டின ஊர் இது, கவர்மெண்டு கட்டினதில்லை.

புருசன் சுயம்புதான் சரிப்படவில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், "உன் மேல அடிக்கிற தோல் நாத்தத்துல சோறு இறங்கலட்டி" என்றான்.

"இறங்கலைன்னா எந்திரி" என்று முன்னால் இருந்த பித்தளை வட்டிலை உருவிக்கொண்டாள்.

"எங்கய்யா இருந்த கொழும்புக்கே போயிருதேன், பாத்துக்கோ." சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன்தான். ஒன்றரை வருசம் தகவல் இல்லை.

பிறகு ஒரு நீலக் கடுதாசி வந்தது.

கடுதாசி வந்தால் நயினாரிடம்தான் போக வேண்டும். கட்டின வேட்டியோடு வந்து மூணு கைவண்டிக்கு முதலாளி ஆனவர். படிப்பு ரெண்டாம் வகுப்பு. அவர் வாசிக்கிற முறையே தனி. ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தைப் பிடிப்பார், மீதியை மனசால் முடிப்பார். "தலையெழுத்தைப் பாத்தாப் போதும், மிச்சம் தானா வரும்" என்று மீசையைத் தடவுவார். அந்தச் சந்தில் வேறு யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இந்திதான் ஓடும்.

"கொ... கொழும்பு! போய்ச் சேந்துட்டாம்ட்டி உன் புருசன்!"

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி."

"கடல்னு போட்டிருக்கு, படகுன்னு போட்டிருக்கு. வேற எங்க இருப்பான்? கால்ல இரும்பு குத்திச் சீழ் வச்சிருக்காம். உன்னையப் பாக்கணுமாம்."

"மிச்சத்தையும் வாசிங்க."

"மிச்சம் என்ன, சௌக்கியம் கேட்டிருப்பான்." மடித்துக் கொடுத்துவிட்டார்.

"கொழும்புக்கு எப்படிப் போக?"

"பெரிய மனுசன்னா சாந்தாக்ரூஸ்ல ஏரோப்ளேன் ஏறுவான். உனக்கு ரயிலு. மெட்ராஸ், அங்கேருந்து தனுஷ்கோடி, அப்புறம் கப்பல். கண்ணை மூடித் திறந்தா தீவு வந்துரும்." கப்பலைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி, மனுசன். பாஸ்போர்ட் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

பேராச்சி காதில் கிடந்த பாம்படத்தை விற்றாள். பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி கட்டுச்சோறு கொடுத்தாள். மூட்டைக்குள் அந்தப் பித்தளை வட்டிலையும் வைத்துக்கொண்டாள். அவன் பிழைத்துக் கிடந்தால் அதில்தான் அவனுக்குச் சோறு போட வேண்டும் என்று இருந்தது.

மூணாம் வகுப்புப் பெட்டியில் நாலு நாள். உடம்பில் ஏறின தோல் வாடைக்கு ஆட்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அதனால் அவளுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

தனுஷ்கோடியில் காக்கிச் சட்டை போட்ட ஆபீசர் பாஸ்போர்ட் கேட்டார். அவள் கடுதாசியை நீட்டினாள். புரட்டிப் பார்த்தவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, இது உள்நாட்டுக் கடுதாசி, கடல் தாண்டி வராது. முத்திரையே பம்பாய்னு இருக்கே." உள்ளே ஒரு வரி பார்த்தார். "கொலாபா, மீன் துறை, ஐஸ் கிடங்கு. நீ எங்கேருந்து வாரே?"

"பம்பாயிலேருந்து."

வரிசையே சிரித்தது. "புருசன் அடுத்த தெருவுல இருக்கான், இவ சீமைக்குப் போறா!" என்றான் ஒருத்தன். கப்பல் ஊதியதும் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள்.

திரும்ப நாலு நாள். வி.டி. ஸ்டேஷனில் இறங்கிக் கொலாபா பஸ் ஏறினாள். கொலாபாவும் ஒரு காலத்தில் தீவுதானாம். இப்போது பஸ் கால் மணி நேரத்தில் போய்விடுகிறது.

ஐஸ் கிடங்கு வாசலில் காசிம் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்துக்காரர், துறையில் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். பேராச்சி புருசன் பேரைச் சொன்னாள்.

"சுயம்பு பொஞ்சாதியா? முந்தாநாத்து முடிஞ்சு போச்சு தங்கச்சி. முனிசிபாலிட்டி வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு." உளியைக் கீழே வைத்தார். "நான்தானே கடுதாசி எழுதினேன். பஸ் சத்தம் கேட்டாப் போதும், தலையைத் தூக்குவான். 'உப்புத் தட்டிட்டுக் குளிச்சுட்டுல்லா வரணும், நேரமாகும்'னு அவனே சொல்லிக்கிடுவான். கடைசியில, 'அவளுக்குக் கோவம் தீரல காக்கா'ன்னான். அப்புறம் தலையைத் தூக்கல."

அவள் வட்டிலை எடுத்து வாசலில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப எடுத்து மூட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

தாராவிக்கு வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நயினார் வண்டிக் கொட்டடியில் கடுதாசியோடு அஞ்சாறு பேர் நின்றார்கள். சுயம்பு செத்த விசயம் கொலாபா மீன்காரர்கள் வாயால் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"எழுதினவன் எழுத்து அப்படிட்டி" என்று ஆரம்பித்தார் நயினார்.

"என் தலையெழுத்தைச் சரியாத்தான் பாத்திய அண்ணாச்சி. விட்ட மிச்சத்தை இப்ப வாசிங்க. எழுத்தெழுத்தா வாசிங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நயினார் விரலை வைத்து வைத்து, சிலேட்டுப் பிள்ளை மாதிரி கூட்டி வாசித்தார். வேர்த்துக் கொட்டியது. கடைசி வரிக்கு வர வெகுநேரம் ஆயிற்று.

"மா... கிம்... மாகிம் டேசன்ல... வண்டி ஏறினா... ஒரு மணி நேரம். கோவத்த விட்டுட்டு... வா. குளிக்காண்டாம்... அப்படியே வா."

பேராச்சி கடுதாசியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டங்கிப் பக்கம் நடந்தாள். ஒன்பது நாள் வேலை போயிருந்தது.

நயினார் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அடுத்தது யாரு?"

செண்பகவல்லி கையில் ஊர்க் கடுதாசி இருந்தது. பேராச்சி போகிற திசையை ஒருதரம் பார்த்தாள். பிறகு கடுதாசியை அவரிடமே நீட்டினாள். அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் பிரித்து, முதல் எழுத்தைப் பிடித்தார்.