பின்பக்க இடது முட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான். மெர்வ் பாஸ்கோ கதை கட்டுகிற ஆள் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைக் கிடங்குகளில் நாற்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். அளந்து பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார். இதை என்னிடம் சொன்னபோதுகூட நிமிடக் கணக்கோடுதான் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் அவரும் மனைவி நோலீனும் வீட்டை விற்றார்கள். காருக்குப் பின்னால் ஒரு கேரவனை மாட்டிக்கொண்டு கடற்கரை கடற்கரையாகச் சுற்றினார்கள். சமையல், படுக்கை எல்லாம் அந்த வண்டிக்குள்தான். ஒரே ஒரு தொல்லை. ஒருவர் புரண்டு படுத்தால் போதும், மொத்த வண்டியும் ஆடும். மெர்வுக்குக் கோழித் தூக்கம். ராத்திரி மூன்று மணிக்கு நோலீன் கழிப்பறைக்கு எழுந்தால் அவரும் விழித்துவிடுவார்.

நோலீனுக்கோ அந்த ஆட்டம் ஒரு வசதி. காலையில் வெளியே அடுப்பில் டீ போட்டதும், வண்டியின் பின் மூலையைப் பிடித்து மூன்று தடவை ஆட்டுவாள். வாய் திறந்து கூப்பிட்டதே இல்லை. மெர்வ் எழுந்து வந்துவிடுவார்.

அப்போது தங்கியிருந்த முகாமில், பக்கத்துக் கேரவன்காரர் கிளைவுக்கு வாய் சும்மா இருக்காது.

"யோவ் மெர்வ், ராத்திரி உன் வண்டி என்ன ஆட்டம் ஆடுது. இந்த வயசுல கொஞ்சம் பாத்துய்யா."

"அவ டாய்லெட்டுக்கு எந்திரிக்கிறாய்யா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"உனக்கு ஏன் கிளைவ் வயிறு எரியுது?" என்றாள் நோலீன்.

மெர்வுக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கி எத்தனை வருடமாயிற்று. வண்டி ஆடாமலிருக்க அடியில் கொடுக்கிற முட்டுகள் கடையில் கிடைக்கும்; அவற்றின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. தானே செய்தார். பழைய இரும்புக் குழாய். அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு திருகுக் கம்பி. அடியில் ரயில் கட்டைத் துண்டு. திருகுவதற்கு, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயிலிருந்து கழற்றிய சக்கரப்பிடி. நான்கு மூலைக்கும் நான்கு முட்டுகள். கையால் இறுக்கினாலே போதும். வெல்டர் புத்தி கேட்குமா? ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து, அதற்கு மேலும் நெம்பி இறுக்கினார்.

"இப்ப ஆட்டிப் பாரு."

நோலீன் மூலையைப் பிடித்து ஆட்டினாள். வண்டி அசையவில்லை.

"இனிமே உன்னை எப்படி எழுப்புறதாம்?"

"நானே எந்திரிப்பேன், போ."

அன்று இரவு மெர்வ் ஒரே மூச்சில் தூங்கினார். எழுந்தபோது காலை 6.20. பக்கத்தில் நோலீன் இல்லை. வண்டிக்குப் பின்னால் புல்லில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, மூன்று மணி வாக்கில் நடந்திருக்கும் என்றார் டாக்டர். "நொடியில போயிருப்பாங்க. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு வாக்கியத்தை மெர்வ் பிடித்துக்கொண்டார். அவர் விழித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது மட்டும் உண்மையாக இருந்தால் போதும், மிச்ச நாளைத் தள்ளிவிடலாம். முகாமின் பொதுக் கழிப்பறை இருந்தது வண்டிக்கு முன்பக்கம். அவள் ஏன் பின்பக்கம் போனாள் என்று அவர் யோசிக்கவில்லை. முட்டுகளைக் கழற்றி, வண்டியைக் காரோடு மாட்டிக் கொடுத்தது கிளைவ்தான். மெர்வ் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட வாய்போல மொத்த உடம்பும் மரத்துக் கிடந்தது.

நான்கு மாதம் தங்கை வீட்டில் இருந்தார். பிறகு தனியாகக் கிளம்பினார். மேற்கே, கடலோரத்தில் ஒரு வெட்டவெளி. ஆகஸ்ட் மாதம், அங்கே கடுங்குளிர் காலம். கண்ணுக்கு எட்டிய வரை வேறு வண்டி இல்லை. நான்கு முட்டுகளையும் வைத்து, வழக்கம்போல நெம்பி இறுக்கினார். நோலீன் படுக்கிற பக்கத்து அலமாரியில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தார். அவளுக்கு ராத்திரி தாகம் எடுக்கும். ஏன் வைக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கை பழகிவிட்டது.

3.10க்கு விழிப்பு வந்தது. வெளியே ஒரு சத்தம். க்ரீ...ச். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. பிறகு டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

காற்று என்று நினைத்துத் திரும்பிப் படுத்தார். காலையில் பார்த்தால், பின்பக்க இடது முட்டு தளர்ந்திருந்தது. மூன்று சுற்று. மற்ற மூன்றும் கல் மாதிரி இருந்தன.

இரண்டாம் இரவு. 3.10. க்ரீச்... க்ரீச்... க்ரீச். காற்றே இல்லை. காலையில் அதே முட்டு. அதே மூன்று சுற்று. மரை தேய்ந்திருக்கும் என்று இரண்டாவதாக ஒரு நட்டு போட்டுப் பூட்டினார். பயப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

மூன்றாம் இரவு. அந்த நட்டு காலையில் புல்லில் கிடந்தது.

நான்காம் இரவு படுக்கவில்லை. விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

3.10.

க்ரீச்...

மிக மெதுவாக. பலமில்லாத கை திருகுவது போல.

க்ரீச்...

மூச்சு வாங்கும் சத்தம்... வண்டிக்கு அடியில்.

க்ரீச்.

வண்டி ஆடியது. ஒன்று... இரண்டு... மூன்று.

டார்ச்சோடு இறங்கினார். பின் மூலைக்குப் போனார். யாரும் இல்லை. பனி மூடிய புல். அவருடைய கால் தடம் மட்டும்.

விடிந்ததும் நான்கு முட்டுகளையும் கழற்றிக் காருக்குள் போட்டார். இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும் என்று நினைத்தார். ஐந்தாம் இரவு 3.10க்குச் சத்தம் இல்லை. ஆட்டமும் இல்லை. அதற்கு அடுத்த இரவு புயல் காற்று. முன்பக்கக் கூடாரத் துணியே கிழிந்து பறந்தது. டம்ளரில் தண்ணீர் அலுங்கவில்லை. மெர்வ் எழுந்து தரையில் ஓங்கி ஒரு குதி குதித்தார். எழுபத்தொரு வயது, தொண்ணூறு கிலோ உடம்பு. தண்ணீர் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை 9.40க்குக் கிளைவ் போன் செய்தார்.

"எப்படிய்யா இருக்கே?"

"இருக்கேன்."

"அந்த முட்டெல்லாம் போட்டுக்கிறியா?"

"இல்ல. கழட்டிட்டேன்."

"சும்மாத்தான் கிடக்குன்னா எனக்குக் கொடேன். இவ தூங்க விட மாட்டேங்கிறா."

"எடுத்துக்கோ."

"அந்தப் பின்பக்க இடது முட்டு மரையை மட்டும் பாத்துக் கொடு. அன்னிக்கு நான் கழட்டும்போதே லூஸா இருந்துச்சு."

மெர்வ் கேட்டார். "எவ்வளவு லூஸு?"

"மூணு சுத்து. மத்த மூணையும் கம்பி கொடுத்துத்தான் நெம்பினேன். இதை மட்டும் யாரோ கையால திருகியிருந்தாங்க."

"அப்புறம் இன்னொண்ணு..." என்று கிளைவ் இழுத்தார்.

"சொல்லு கிளைவ்."

"சக்கரப்பிடியில ஒரு நகம் ஒட்டியிருந்துச்சுய்யா. உடைஞ்ச நகம். ரோஸ் கலர் பாலிஷ். நான் துடைச்சுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

மெர்வ் போனை வைத்தார். நொடியில் போகவில்லை. எழுந்திருக்க முடியாமல், கூப்பிடக் குரல் இல்லாமல், வண்டியை ஆட்டி அவரை எழுப்புவதற்காக, புல்லில் கிடந்தபடி மூன்று சுற்று திருகியிருக்கிறாள். அவருக்கு மரத்துப் போயிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வலித்தது.

வெளியே போனார். வண்டியின் பின் இடது மூலையை இரண்டு கையாலும் பிடித்தார். நோலீன் ஆட்டுவதுபோல மூன்று தடவை ஆட்டினார். அடியில் ஒரு முட்டுகூட இல்லை.

வண்டி அசையவில்லை.