இரண்டு மேலாளர், ஒரு பசை

பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவனுக்குப் பெயர் பசை. மேலே யார் இருக்கிறாரோ அவரிடம் ஒட்டிக்கொள்வான் என்பதால் வந்த பெயர். அதில் அவனுக்கு வருத்தமில்லை. தற்காலிக ஆள் வேறு எதில்தான் ஒட்டுவது?

அந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் காலி. வாயைப் பிளந்துகொண்டு நின்றவர்கள் நாலு பேர். மதிப்பெண் போடுபவர் சலவைப் பகுதி மேடம். பசை களத்தில் இறங்கினான். மேடத்தின் ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்தான். அவர் மகளின் பரீட்சைக்குத் தானும் சேர்ந்து கவலைப்பட்டான். அவருடைய பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினான். இடையில் நேரம் கிடைத்தால் விரிப்புகளுக்கு இஸ்திரியும் போட்டான். விருந்தினர்கள் சுருக்கத்தின் மேல் படுத்தெழுந்து புகார் எழுதினார்கள்.

"இஸ்திரியைக் கையால போடணுங்க. நீங்க வாயாலயே போடுறீங்க" என்றாள் மனைவி.

புகார்கள் குவியவே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விசித்திர உத்தரவு வந்தது. மேடம், இஸ்திரிப் பகுதி சார், இருவருமே மதிப்பெண் போட வேண்டும். ஒருவர் போட்டதுதான் செல்லும். யார் போட்டது என்பதைக் கடைசி நாளில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள்.

மேடத்துக்கும் சாருக்கும் மின்விசிறிச் சண்டை. அவர் போட்டால் இவர் அணைப்பார்; பேச்சு நின்று வெகுகாலம் ஆயிற்று. பசை பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சார் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, தோட்டக்காரனா சேர்ந்துட்டியா? சொல்லவே இல்லையே."

சாயங்காலமே சாரின் மேஜைக்கும் ஒரு தொட்டி வந்தது. மேடம் அதைப் பார்த்தார். அன்றைக்கு ஸ்கூட்டர் சீட்டைத் தானே துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

மண்டையைக் குடைந்துகொண்டதில், இருவருமே கோபித்துக்கொள்ள முடியாத பொருள் ஒன்று அகப்பட்டது: சுருக்கமில்லாத விரிப்பு. வேறு வழியில்லாமல் பசை வேலை செய்தான். ஓரங்களை இழுத்துப் பிடித்து, தையல் மடங்காமல் தேய்த்தான். புகார்கள் நின்றன. வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தான்.

"வேலை செஞ்சா இப்படித்தான் வலிக்கும். பயப்படாதீங்க" என்று மனைவி தைலம் தேய்த்துவிட்டாள்.

சீட்டு சார் பக்கம் விழுந்தது. இடம் பசைக்கு. மேடமும் அவனுக்குத்தான் அதிகம் போட்டிருந்தாராம்.

நியமன ஆணையின் கடைசி வரி, இனி அவன் சாரின் கீழ் மட்டுமே என்றது. பசை அதை நிதானமாக இரண்டு முறை படித்தான்.

மறுநாள் காலை சாரின் கார் கண்ணாடி பளபளத்தது. மேடத்தின் பூந்தொட்டி காய்ந்து கிடந்தது. மேல்மாடியில் ஒரு விருந்தினர், புகார் எழுதப் பேனா கேட்டுக்கொண்டிருந்தார்.