ஒரு விதை போன ஆட்டோக்காரன்

ஆட்டோ ஓட்டுவது கையால் செய்கிற வேலை என்று சவாரி ஏறுகிறவர்கள் நினைக்கிறார்கள். அது உட்கார்ந்து செய்கிற வேலை என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே ஆபரேஷன் செய்துகொண்டு, தையல் ஆறுவதற்குள் வேலைக்குத் திரும்பிய சகோதரர்களே, நீங்கள் பஸ் ஓட்டுகிறவராக இருந்தாலும் கல்லாவில் உட்காருகிறவராக இருந்தாலும் சரி, நாமெல்லாம் ஒரே ஜாதி.

குளிக்கும்போது இடது விதையில் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லையே என்று கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். அப்புறம் டாக்டர், ஸ்கேன், வேலூரில் இன்னொரு டாக்டர். கேன்சர் கட்டி, விதையோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. கீழ்பென்னாத்தூர் பெண் கவிதாவோடு நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் என்று மண்டபமும் பேசியாகிவிட்டது.

விஷயம் தெரிந்தது எனக்கும் என் அண்ணனுக்கும் மட்டும். மற்ற எல்லாருக்கும் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்று சொல்லிவிட்டோம். தையல் விழுகிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சந்தேகம் வராது. கவிதாவிடமும் அதே ஹெர்னியா கதைதான். உண்மையை அவளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் இந்தக் கல்யாணம் நடக்குமா என்ற கவலையைத்தான் ராத்திரி பகலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

சாமி கொடுத்த ரெண்டு

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் பார்க்க வந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். பரவியதாகத் தெரியவில்லை, மிச்சமிருக்கிற ஒன்றே போதும், ஆனால் சில வருஷத்துக்கு டெஸ்டுக்குத் தவறாமல் வர வேண்டும் என்றார். மீசை கொட்டுமா, குரல் மாறுமா, குழந்தை பிறக்குமா என்று எனக்குள் கேள்விகள் முட்டி மோதின. ஒன்றையும் கேட்க வாய் வரவில்லை. "ஒண்ணே போதும்னா சாமி எதுக்கு சார் ரெண்டு குடுத்தாரு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "நீ ஆட்டோதான ஓட்டுற? ஸ்டெப்னி டயரு எதுக்கு வெச்சிருக்க? அதுமாதிரிதான். கல்யாணம், கொழந்தை எல்லாத்துக்கும் பெரும்பாலும் ஒண்ணே போதும். ஆனா இனிமே ஸ்டெப்னி இல்லாத வண்டி, பாத்து ஓட்டு."

பாதி சீட்டு

காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ அடிப்பேன். பின்சீட்டு நிறைந்ததும் டிரைவர் தன் சீட்டில் ஓரமாக நகர்ந்து இன்னொரு ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டும். சட்டத்தில் இல்லை, சம்பிரதாயத்தில் உண்டு. மீதிச் சீட்டில் ஒரு தொடையை மட்டும் ஊன்றிக்கொண்டு வண்டியை ஓட்டுவோம். என் பக்கத்துப் பாதி சீட்டு பல வருஷமாக ஒரு கிளார்க் சாருக்குச் சொந்தம்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அடியில் ஒரு தலையணையைப் போட்டு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தொடையில் ஓட்டினால் உயிர் போய்விடும். "இன்னிக்கு முன்னாடி எடம் இல்லைங்க சார்" என்றேன். அவர் தலையணையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "கலெக்டர்கூட இவ்ளோ அகலமா உக்கார மாட்டாருப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டோவுக்குப் போனார்.

ஹெர்னியா நிபுணன்

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சேவகம் செய்ய வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஸ்டாண்டு தலைவர் தனபால் அண்ணன் எல்லாரிடமும் வசூல் செய்து ஒரு ஹெர்னியா பெல்ட்டு வாங்கி, எல்லார் எதிரிலும் என் இடுப்பில் கட்டிவிட்டார். கைதட்டல் வேறு. அடுத்த நாளிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெயிட்டு தூக்கலாமா, கோழிக்கறி சாப்பிடலாமா, தும்மினால் தையல் பிரிந்துவிடுமா? எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் மானத்தைக் காப்பாற்ற, "மலச்சிக்கல் மட்டும் வரக்கூடாது" என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவைத்தேன். அது எல்லா வியாதிக்கும் பொருந்துகிறது.

ஒருநாள் தனபால் அண்ணனே தனக்கும் அடிவயிற்றில் லேசாக வீக்கம் இருக்கிறது என்று ஆரம்பித்து, தையல் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும், வண்டிக்குப் பின்னால் வந்து காட்டு என்றார். காற்றுப் பட்டால் ஆகாது, டாக்டர் திட்டுவார் என்று பேன்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. "அட, என்னாடா வெக்கம்? ஆம்பளைக்கு ஆம்பள மறைக்கறதுக்கு என்னா இருக்குது?"

இறங்கி வாடா

ஆம்பளை என்ற வார்த்தை ஊரில் இத்தனை தடவை புழங்குகிறது என்பது அதுவரை என் காதில் ஏறவே இல்லை. இப்போது சினிமாப் பாட்டில், விளம்பரத்தில், டீக்கடையில், எங்கே விழுந்தாலும் எனக்கு மட்டும் சத்தமாகக் கேட்டது. ஒரு வேன்காரன் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற இடத்தில் என் வண்டியை உரசிவிட்டு, தப்பு என்மேல் என்று கத்தினான். "ஆம்பளையா இருந்தா எறங்கி வாடா!"

முன்பென்றால் அவன் வாய் மூடுவதற்குள் இறங்கியிருப்பேன். அன்றைக்குச் சீட்டை விட்டு அசையவில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நொடி நிஜமாகவே நினைத்துவிட்டேன். பின்சீட்டில் இரண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பொறுமை இல்லை. "எறங்கறதுன்னா என்னைய உட்டுட்டு வந்து எறங்குப்பா! ஆம்பளையா இல்லியான்னு சாயங்காலங்கூட பாத்துக்கலாம், வேலூர் பஸ்ஸு போயிடுச்சின்னா வராது."

அடி அண்ணாமலையில்

நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் கிரிவலம் கூட்டிப் போவதும் என் தொழில்தான். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதில் ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும், குடும்பத்தையே மேய்த்துக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலைக் கோயிலுக்குள் எல்லாரையும் அனுப்பிவிட்டு, முட்டிவலி என்று வண்டியிலேயே உட்கார்ந்து, ஒரு புளிசாதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். ஏன் தம்பி மூஞ்சி இப்படி இருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு என்ன ஆனதோ தெரியாது. ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத மனுஷியிடம் சொன்னேன். எந்த இடம் என்று சொல்லவில்லை. "ஆபரேஷன்ல ஒடம்புல ஒரு பாகத்தையே எடுத்துட்டாங்கக்கா. முழு ஆளு இல்லாத மாதிரி இருக்குது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. புளிசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், அவ்வளவு நாள் அழாததை எல்லாம் சேர்த்து அழுதேன். அவர் பதறவும் இல்லை, எது என்று துருவவும் இல்லை. "இந்த ஊரு சாமியே பாதி ஒடம்ப அம்பாளுக்குக் குடுத்துட்டுதான் நிக்கிறாரு. அவருக்குக் கூட்டம் கம்மியா ஆயிடுச்சா என்ன? சாப்புடு."

கீழ்பென்னாத்தூர் சவாரி

கவிதா எங்கள் ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். ஒரு சாயங்காலம் கடை வாசலில் போய் நின்று, பஸ் வேண்டாம், நானே வீட்டில் விடுகிறேன் என்றேன். ஆட்டோவில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்காமலே பேசலாம். ஊர் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகள் ஆரம்பித்ததும் ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹெர்னியா இல்லை என்பதை, கேன்சர் என்பதை, எது போனது என்பதை, டாக்டர் என்ன சொன்னார் என்பதை. "வேணாம்னு தோணுச்சின்னா சொல்லிடு. நானே பெரியவங்ககிட்ட பேசிக்கறேன், உன்மேல பழி வராது" என்றும் சொன்னேன்.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். இறங்கிப் போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. டெஸ்டுக்கு மட்டும் போயிட்டு வரணும்."

"ஆஸ்பத்திரியில யாரு கூட இருந்தது?"

"அண்ணன்."

"கேன்சர்னு தெரிஞ்சி ஆபரேஷனுக்குப் போயிருக்கீங்க, நான் இங்க சேல மடிச்சிக்கினு இருந்திருக்கேன். அப்ப நான் யாரு உங்களுக்கு?" அவள் கோபப்பட்டது போன விதைக்காக இல்லை, அவளைக் கூப்பிடாததற்காகத்தான் என்று புரிந்தபோது எனக்குள் மாதக்கணக்காக இறுகியிருந்தது தளர்ந்துவிட்டது. அடுத்த டெஸ்டுக்கு அவளும் வருவதாக முடிவு செய்தாள். என்னைக் கேட்கவில்லை.

வண்டியை எடுக்கப் போனேன். "இருங்க" என்று தோளைத் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "எங்கப்பாவுக்கு மூணு வருஷமா நெஜமாவே ஹெர்னியா. கத்தின்னாலே பயம். நீங்க அதுக்குள்ள ஆட்டோ ஓட்டறதப் பாத்துட்டு, மாப்பிள்ளைக்கே ஒண்ணும் ஆகல எனக்கென்னன்னு வர்ற வாரம் ஆபரேஷனுக்கு ஒத்துக்கினு இருக்காரு. அவரு எழுந்து நடக்கற வரைக்கும் உங்களுக்கு ஹெர்னியாதான், வாயத் தொறந்தீங்க பாருங்க!"

ஆகவே சகோதரர்களே, போன விதையைப் பற்றி இப்போது எனக்கு ஒரு கவலையும் இல்லை, வராத ஹெர்னியா எப்படி இருந்தது என்று வருங்கால மாமனாருக்குத் தினமும் போனில் விவரிப்பதில்தான் உயிர் போகிறது.