தம்பிக்கு வாங்கிய இடக்கை மட்டை

“வலக்கையா, இடக்கையா சார்?” என்று கேட்டார் பெங்களூரில் கோல்ஃப் கடை வைத்திருந்தவர். தமிழ் நன்றாகவே பேசினார்.

“மட்டையில ஏதுங்க வலக்கை, இடக்கை?” என்றேன்.

அவர் இரண்டு மட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றின் முகம் இந்தப் பக்கம், இன்னொன்றின் முகம் அந்தப் பக்கம். கோவில்பட்டிக்காரனுக்கு மட்டை என்றால் ஹாக்கி மட்டை. அதற்கு ஒரே முகம்தான். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தை அடிக்கலாம். உருண்டைப் பக்கம் பட்டால் விசில் ஊதிவிடுவார்கள். இடக்கைக்காரனுக்கென்று யாரும் மட்டை செய்வதில்லை என்று சொல்லித்தான் நான் என் தம்பியின் கையைக் கட்டினேன்.

கோல்ஃபுக்கு நான் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு என் கம்பெனியில் மேலதிகாரி சனிக்கிழமைதோறும் கோல்ஃப் ஆடுவார். மேலே போக நினைத்தவர்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். ஹாக்கி ஆடிய கைதானே, இதென்ன பிரமாதம் என்று ஒரு எண்ணம். முதல் அடியில் தப்பித்துக்கொண்டேன், அதற்குப் பந்தைச் சின்ன முளைமேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அடியில்தான் மானம் போனது. பந்து புல்லில் கிடக்கும், குழியில் நட்ட கொடி இன்னும் இருநூறு கெஜத்துக்கு அப்பால் ஆடும், நான் அடித்தால் பந்து எலி மாதிரித் தரையோடு ஓடும். சொல்லிக்கொடுப்பவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மட்டையைத் தோள் உயரத்தோடு நிறுத்திவிடுகிறேனாம். நிறுத்தாமல் என்ன செய்வேன்? எங்கள் ஊர் ஹாக்கியில் தோளுக்கு மேல் மட்டையைத் தூக்கினால் பழைய ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வெளியே இருந்தே வைவார்கள். “மூணாம் நம்பர் மட்டை உமக்கு வேண்டாம். முகம் கொஞ்சம் சாய்ந்த மட்டையா வாங்கும், பந்தை அதுவே தூக்கிவிடும்” என்று சொல்லித்தான் அவர் என்னைக் கடைக்கு அனுப்பியிருந்தார்.

அன்று எனக்கு வாங்கவில்லை. தம்பிக்கு வாங்கினேன்.

தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். பிறந்ததிலிருந்து இடக்கை. எழுத்தைப் பள்ளிக்கூடத்திலும் சாப்பாட்டை வீட்டிலும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். மீதி இருந்தது வீச்சு மட்டும்தான். கண்மாய்க் கரையில் நின்று இடது கையால் கல்லை விட்டானென்றால் அது தண்ணீரைத் தாண்டி அந்தக் கரைப் புதருக்குள் போய் விழும். அந்தக் கை அவனுக்கு அப்படி வாய்த்திருந்தது. மட்டையைக் கொடுத்தால் வலது கையை மேலேயும் இடது கையைக் கீழேயும் பிடித்து, பந்துக்கு மறுபக்கம் நின்று, உருண்டைப் பக்கத்தால் விளாசுவான். பந்து பறக்கும். கூடவே விசிலும் பறக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தது. சேர்ந்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, பிற்பாடு ஒரு வேலை எல்லாம் நிச்சயம். என்னை அதற்கு முன்னால் இரண்டு தடவை கழித்துவிட்டிருந்தார்கள். தம்பியையாவது உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்றை வாங்கி, நாடா நாடாவாக வெட்டினேன். தினமும் சாயங்காலம் அவன் இடது கையை மட்டையின் உச்சியில் வைத்து, மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவேன். வலக்கைக்காரர்கள் பிடிப்பது அப்படித்தான், இடது கை கீழே இறங்கக் கூடாது. மூன்று மாதம் கட்டினேன்.

“கை மரத்துப்போவுதுண்ணே” என்பான்.

“மரத்தாத்தாம்லே பழகும்” என்பேன். பெரிய கோச் என்று நினைப்பு.

தேர்வு அன்று கட்டு இல்லை. கோலுக்கு முன்னால் பந்து அவன் காலடிக்கே வந்தது. கோல்கீப்பர் கீழே கிடக்கிறார். தட்டிவிட்டால் போதும். அவன் கைகள் ஒரு நொடி மேலும் கீழுமாக மாறப் பார்த்தன, பிறகு நினைவு வந்து திரும்பின. அதற்குள் பந்து போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தேன். அதன்பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. படிப்பையும் அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டு, பசுவந்தனைப் பக்கம் இருந்த எங்கள் கரிசல் காட்டில் விவசாயம் பார்க்கப் போய்விட்டான். நான் படித்து, பெங்களூர் போய், சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஹாக்கி மட்டையைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் உலகத்தில் மட்டை என்றால் அது ஒன்றுதான் என்று நினைத்தேனே, அது திமிர்.

“உங்கள் தம்பி எப்படிப்பட்ட புல்லில் ஆடப்போகிறார்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“புல்லே கிடையாது. சித்திரையில் தரை கல்லா இருக்கும்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விளக்கினார். தூர அடிக்கு வழக்கமாக எடுப்பது வுட். பெயர்தான் வுட், தலை முழுக்க உலோகம். அதன் அடிப்பாகம் அகலம், கெட்டித் தரையில் பட்டால் எகிறிப் பந்தின் உச்சந்தலையில் போய் இடிக்கும். நீளமான இரும்பு மட்டை என்றால் பழகாதவர் கையில் பந்தைத் தூக்காது. இரண்டுக்கும் நடுவில் ஹைப்ரிட் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அடி ஒடுக்கம், கனம் முழுக்கக் கீழே. அதில் நாலாம் நம்பரை எடுங்கள் என்றார். இடக்கைக்கு ஆர்டர் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டுமாம். பிடி எந்தத் தடிமனில் வேண்டும், தம்பியின் கை எவ்வளவு பெரியது என்று கேட்டார். தம்பி கடைசியாக எப்போது சிரித்தான் என்று கேட்டிருந்தால் தெரியாது. கை அளவு தெரியும், கட்டியவன் நான்தானே.

சித்திரையில் மட்டையோடு ஊருக்குப் போனேன். காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பந்து வெடிப்பில் விழுந்தால் அடுத்த மழைக்குத்தான் வெளியே வரும். அதனால் தம்பியைக் கதிரடிக்கும் களத்துக்குக் கூட்டிப்போனேன். அவன் மனைவியும் வேடிக்கை பார்க்க வந்தாள்.

“இது இடக்கை மட்டைலே. உனக்குன்னே செஞ்சது” என்றேன்.

“அவிய இடக்கையா அத்தான்? எனக்குத் தெரியவே தெரியாதே!” என்றாள் தம்பி மனைவி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

தம்பி மட்டையை வாங்கித் தடவிப் பார்த்தான். “நல்லா இருக்குண்ணே” என்றான். பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். இடது கை தானாக உச்சிக்குப் போனது, வலது கை அதன் கீழே வந்து அமர்ந்தது. அச்சு அசல் நான் பழக்கிய பிடி. அப்படி நின்றால் இந்த மட்டையின் முகம் அந்தப் பக்கம் பார்க்கும், முதுகுதான் பந்தில் படும். அவன் அதைக் கவனித்துவிட்டு லேசாகச் சிரித்தான்.

“அங்கன மாறி நில்லுலே. கையை மாத்து.”

மாறி நின்றான். கையை மாற்றினான். ஓங்கினான். பாதி வழியிலேயே கைகள் குழம்பின, மட்டை தரையில் இடித்து மண்கட்டி தெறித்தது. இன்னொரு தடவை. அப்புறம் இன்னொன்று. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கண்மாயைத் தாண்டிக் கல் விட்ட கை அது.

எனக்குப் பொறுக்கவில்லை. “இப்பிடிப் பிடிலே, இப்பிடி” என்று கிட்டப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து, வலது கையை மேலே தூக்கி, இடது கையைக் கீழே இழுத்து அழுத்தினேன்.

“விடுண்ணே” என்றான். சத்தம் போடவில்லை. “ஒரு தடவ மாத்துன. மாறிட்டேன். மறுபடியும் மாத்தாத.”

கையை எடுத்துக்கொண்டேன். அவன் மட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, “வாண்ணே, சோறு ஆறுது” என்று முன்னால் நடந்தான். நடந்துகொண்டே இடது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். அங்கே என் விரல் தடம் விழுந்திருந்தது. டியூபை அவிழ்த்த சாயங்காலங்களிலும் அந்த இடத்தைத்தான் இப்படித் தேய்ப்பான்.