ஏமம் என்று எழுதிய நாள்

தென்காசி ரயிலடிக்கு எதிரே இருக்கிற எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை உண்டு. மற்ற ஸ்டாண்டுகளில் பொன்மொழி எழுதுவார்கள். எங்களுக்குத் தினம் ஒரு சொல். அதிகம் புழங்காத சொல்லாக எடுத்து, பொருளையும் ஒரு வாக்கியத்தையும் எழுதவேண்டும். வாக்கியம் நாங்கள் அன்றாடம் பார்க்கிற விஷயமாக இருக்கவேண்டும். சாயங்காலத்துக்குள் இன்னொரு டிரைவர் அந்தச் சொல்லைத் தன் பேச்சில் தானாகச் சொல்லிவிட்டால் எழுதியவருக்கு ஜெயம். இல்லையென்றால் சாக்பீஸ் அவர் கைக்குத் திரும்ப வராது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். நிற்கிற வண்டியிலேயே பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்கிற ஆள். பலகைக்கு முறை வரும்போதெல்லாம் ஏதாவது சவாரியைச் சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன். இந்தக் குற்றாலச் சீசனில்தான் ஒருநாள் துணிந்து சரி என்றேன். சொன்ன நிமிஷத்திலிருந்து சொல் தேட ஆரம்பித்தேன்.

மகளின் தமிழ்ப் புத்தகத்தில் பாடத்துக்கு அடியில் கிடைத்த சொல், ஏமம். பாதுகாப்பு என்று பொருள் போட்டிருந்தது. பார்த்ததுமே பிடித்துவிட்டது. நான் நாளெல்லாம் தேடி அலைகிறதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. மன்னன் மக்களுக்கு ஏமம் என்று முதலில் யோசித்தேன். எங்கள் ஸ்டாண்டுக்கு எந்த மன்னன் வந்தான்? அதை விட்டுவிட்டு, குற்றாலத்தில் மெயின் அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவை நினைத்துக்கொண்டு எழுதினேன்: "அருவித் தண்ணீர் வளைவைத் தாண்டி விழுந்தால், தள்ளி நிற்பதே ஏமம்."

எனக்கு அடுத்த வண்டிக்காரர் வாசித்துவிட்டுச் சிரித்தார். என்னைவிட மூத்தவர், வாய்த்துடுக்கு அதிகம்.

"ஏலே, பயந்தாங்கொள்ளிக்குன்னே ஒரு சொல்லு செஞ்சு வச்சிருக்காம்லே. இத எவம்லே வாயால சொல்லுவான்?"

மத்தியானம்வரை எவரும் சொல்லவில்லை. நான் கேட்டு வாங்கக்கூடாது என்பது விதி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒருவரிடம் இன்சூரன்ஸ் கட்டியாச்சா என்றேன். இன்னொருவரிடம் டயர் தேய்ந்திருக்கிறதே என்றேன். கட்டியாச்சு என்றார் அவர். மாத்தணும் என்றார் இவர். அத்தோடு சரி. சாரல் வேறு பலகையில் அடித்தது. மழைக்கு வண்டியில் கட்டுகிற ரெக்சினைக் கழற்றிப் பலகைமேல் தொங்கவிட்டேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

நாலு மணி ரயிலில் மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு இறங்கி, மூத்தவரின் வண்டிக்கு வந்தார். மெயின் அருவிக்குப் போகவேண்டும். வளைவுக்கு மேலே தண்ணீர் விழுகிறது, குளிக்க விடவில்லை என்று அப்போதுதான் போன் வந்திருந்தது. அதைச் சொல்லியும் அந்த அம்மா கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஓரமாகக் காலையாவது நனைத்துவிட்டு வருகிறோம் என்றார்.

மூத்தவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே சொன்னார்.

"கூட்டிட்டுப் போறேம்மா, கண்குளிரப் பாருங்க. ஆனா ஓரத்துக்கும் போவாண்டாம். கலங்கி வருது, கம்பும் கட்டையுமா விழும். தள்ளி நிக்கதுதான் பிள்ளையளுக்கு ஏமம்."

"சரிண்ணே, ஏமமாவே நின்னு பாத்துக்கிறோம்," என்றார் அந்த அம்மா.

என்ன சொல் அது என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டாண்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தவருக்கு அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடியில் என்னைத் தேடி ஒரு முறை முறைத்தார்.

"காலையிலேருந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தா நாக்கு சும்மா கெடக்குமால?" என்றபடியே வண்டியை எடுத்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த சவாரியை வேண்டுமென்றே பலகைப் பக்கமாகத் திருப்பி ஓட்டிப்போனேன். ரெக்சினுக்கு அடியில் என் எழுத்து நனையாமல் இருந்தது. ஜெயித்ததால் என் கைக்கே திரும்பி வந்த சாக்பீஸ் சட்டைப் பையில் இருந்தது. அது எங்கே உடைந்துவிடுமோ என்று ஒரு கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.