கல்யாணத்துக்கு முன் விழுந்த எலி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நான் கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்த பிறகு கண்ட இரண்டாவது தை மாதம் அது. உக்கடத்துக்குப் போகிற வழியில் ஒரு வளவில் குடியிருந்தோம். வளவு என்றால் ஒட்டினாற்போல நாலு ஓட்டு வீடு, எல்லாருக்கும் ஒரே கிணறு, தெருவுக்குப் போக ஒரே வாசல். என் கணவர் மில்லில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். எங்களுக்குக் கைக்குழந்தை ஒன்று. கிணத்துக்கடவுப் பக்கம் பரந்த தோப்பில் வளர்ந்தவள் நான். இந்த வளவிலோ பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் என் காதில் விழும். அதற்குப் பழகவே எனக்கு ஆறேழு மாதமாயிற்று.

அந்த வளவில் நாங்கள் ஒரு வீடுதான் வேதக்காரர்கள். கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். வந்த புதிதில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் தண்ணீர் சேந்திவிட்டு நகர்ந்ததும் கயிற்றைக் கழுவி எடுத்தவர்களும் உண்டு. முதலில் பேசியவர் முதல் வீட்டு அக்காதான். ஒருநாள் ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "குடி அம்மணி, வெயிலுக்கு நல்லது" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கு நான் அழுதேவிட்டேன். அப்புறம் என் பிரசவத்தில் விடிய விடியத் தலைமாட்டில் உட்கார்ந்து, குழந்தையைக் கையில் வாங்கியவரும் அவர்தான்.

அந்த அக்காவின் மகளுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துடியலூர்ப் பக்கம். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நிச்சயம் வரை வந்து நின்றுபோயிருந்தது. அதனால் அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கிணற்றடியில் மகளை உட்காரவைத்து எண்ணெயும் மஞ்சளும் தேய்த்துவிடுவார். கை, கழுத்து, கம்புக்கூடு (அக்குளை அப்படித்தான் சொல்வோம்) என்று ஒரு இடம் விடாமல் தேய்ப்பார். அப்புறம் தட்டி மறைவுக்குக் கூட்டிப்போய் மிச்ச உடம்புக்கும் தேய்ப்பார். "இந்தத் தேய் தேச்சா மாப்பிள்ளைக்குக் குடுக்கப் பொண்ணு மிஞ்சாதுங்கக்கா" என்று ஒருநாள் கேலி பேசினேன். பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. கல்யாணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஊருக்குள் மறுபடி பிளேக் நடமாட்டம் இருந்தது. வீட்டில் எலி செத்து விழுந்தால் முனிசிபாலிட்டிக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னால் வந்து வளவையே காலி பண்ணுவார்கள். ஓட்டைப் பிரித்து வெயில் படவிட்டு, மருந்தடித்து, எல்லாரையும் ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும். அதனால் யாரும் சொல்வதில்லை. பொழுது சாய்ந்ததும் இடுக்கியில் பிடித்துக்கொண்டுபோய் யார் வீட்டுச் சாக்கடையிலாவது போட்டுவிட்டு வருவார்கள். யாரைக் கேட்டாலும், எலி எப்போதும் அடுத்த தெருவில்தான் விழுந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அது பட்டப்பகலில் விழுந்தது. கஞ்சிக்குக் கம்பு எடுக்கப் பானையை நகர்த்தினேன். விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு எலி தள்ளாடிக்கொண்டு வந்தது. என்னைக் கண்டு ஓடவில்லை. நடு அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றி, சாய்ந்து, கால்களை உதறி அடங்கிவிட்டது. குழந்தை இரண்டு முழம் தள்ளித் தரையில் படுத்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவள், திரும்பி உள்ளே போய்க் கூடை ஒன்றைக் கவிழ்த்து எலியை மூடினேன். முதலில் நினைவுக்கு வந்தது நோய்கூட இல்லை, அந்தக் கல்யாணம்தான். வாசலில் பந்தல் மூங்கில் வந்து இறங்கியிருந்தது.

மதியம் கணவர் மில்லிலிருந்து வந்தார். கூடையைத் தூக்கிப் பார்த்தார். அதை மறுபடி கவிழ்த்தார். பிறகு, "பொழுதோட நானே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேன். கல்யாணம் முடியட்டும், பொறவு சொல்லிக்கலாம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார் அல்லவா! அடுக்களைக்குப் போகப் பயமாக இருந்ததால் முன்வாசல் ஓரத்திலேயே இலை போட்டேன்.

அவருடைய சாப்பாட்டு ஜெபம் கொஞ்சம் நீளம். ரசம் ஆறிப்போகிறது என்று நான் முணுமுணுக்காத நாள் கிடையாது. அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஆகாரத்துக்கு நன்றி சொன்னார். "இந்த வளவில் இருக்கிற எல்லாரையும் காத்தருளும்" என்று தினமும் சொல்லும் இடத்துக்கு வந்தார். "இந்த வளவில்" என்றவர் நின்றுவிட்டார். மறுபடி "இந்த வளவில்" என்றார். அதற்குமேல் வரவில்லை. நான் கண்ணைத் திறந்தேன். அவர் ஏற்கெனவே திறந்துகொண்டு அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் காப்பாத்தச் சொல்லிக் கேட்டுப்போட்டு, எலியக் கொண்டுபோய் வீசறதுக்கு எனக்கு மனசு வரலை அம்மணி" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெபத்தைச் சுருக்கமாக முடித்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்றுகூடத் தோன்றியது. அக்கா செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் எதையும் மறுக்கவில்லை. "அந்த அக்காளும் அந்தப் புள்ளையும் இங்கதான தூங்கறாங்க" என்றார். இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

ஆனால் ஒன்று சொன்னேன். அக்காவுக்குத் தெரியாமல் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போகக் கூடாது, முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். "அப்ப நீ அக்காகிட்டச் சொல்லு, நான் ஆபீசுக்குப் போறேன்" என்றார். நீங்கள் அக்காவிடம் போங்கள், நான் ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். ஆபீஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கடைசியில் நான்தான் அக்கா வீட்டுப் படி ஏறினேன். அவர் தெருவில் இறங்கினார்.

அக்கா கல்யாணப் பலகாரத்துக்கு முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். மகள் எண்ணெய்ச் சட்டி அருகே இருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அக்காவின் கை நின்றது. மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாரம் கண்ணு. ஒரே ஒரு வாரம் வாயத் தொறக்காத. இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா என்ற புள்ளைய ஆரு கட்டுவா?"

"அவரு கெளம்பிப் போயிட்டாருங்கக்கா" என்றேன்.

அக்கா என் கையை விட்டார். தன் உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். மாவு ஒட்டியிருந்தது. "உன்ற கொழந்தைய வாங்குன கையி இது அம்மணி" என்றார். சட்டியில் முறுக்குக் கருகி நாற்றம் வந்தது. நான் என் வீட்டுக்குத் திரும்பி வந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்துவிட்டார். வீடு வீடாக நின்று, உங்கள் வீட்டில் எலி விழுந்ததா என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். அக்காவும் தரையைப் பார்த்துக்கொண்டு "இல்லீங்க" என்றார். ஆக, எலி விழுந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்றாகிவிட்டது. அம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வரி கொடுக்காத வீட்டில்தானே விழும் என்று கடைசி வீட்டுக்காரர் என் காதுபடவே சொன்னார்.

வளவையே காலி பண்ணிக் கொண்டுபோய் வைத்த கொட்டகையில் எங்களுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தட்டிதான். அந்தப் பெண் அழுதால் எனக்குக் கேட்கும். என் குழந்தை அழுதால் அவர்களுக்குக் கேட்கும். ஆனால் பேச்சு வார்த்தை கிடையாது. எல்லாருக்கும் ஊசி போட்டார்கள். ஊசிக் காய்ச்சலில் குழந்தையின் உடம்பு கொதித்தபோது, இது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று தெரியாமல் துடித்துப்போனேன். கம்புக்கூட்டிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டி வீங்கினால் ஆள் பிழைப்பது அரிது என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

நாள் போகப் போக வளவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது நல்ல செய்திதானே? எனக்கோ அதுவே பெரிய உபத்திரவமாகிவிட்டது. ஒரு எலிக்காகக் கல்யாணத்தைக் கெடுத்தார்கள் என்று பேசினார்கள். ஒன்றுமே ஆகாவிட்டால் நாங்கள் எதற்குச் சொன்னோம்? யாருக்காவது நெறி கட்டினால்தான் நாங்கள் செய்தது சரியென்று தெரியும் என்ற நினைப்பு ஒரு மத்தியானம் எனக்குள் எட்டிப்பார்த்தது. அப்படி நினைத்த மனதைக் கண்டு நானே அருவருத்தேன். என் கணவரிடம்கூட இதை வெகுநாள் சொல்லவில்லை.

குறித்த முகூர்த்த நாளும் போயிற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். கொட்டகைக்கு வெகு தூரத்திலேயே நின்றுகொண்டு, சகுனம் சரியில்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பற்றவில்லை. நான் கஞ்சி காய்ச்சிவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் இல்லாமல் தட்டிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் அக்காவே வந்தார். வந்தவர் என் எதிரே உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். அதன் கையைத் தூக்கிக் கம்புக்கூட்டில் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். மறு கையையும் தூக்கிப் பார்த்தார். பிறகு தொடை இடுக்கைத் தடவினார். அந்த விரல்கள் போகிற வழியை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்ததும் கிணற்றடியில் மஞ்சள் தேய்த்தது நினைவுக்கு வந்தது.

"பொங்கலுக்கு முன்னாலயே எங்கூட்டுல ரெண்டு உளுந்துச்சு அம்மணி" என்றார் அக்கா. "ஆருக்கும் தெரியாம நாந்தான் பொதைச்சுப்போட்டேன். அதுலயிருந்து தெனமும் மஞ்சத் தேய்க்கற சாக்குல புள்ளைக்கு நெறி கட்டியிருக்குதான்னு பாத்துட்டே இருந்தேன். கல்யாணமா புள்ளையான்னு எனக்கு முடிவு பண்ணத் தெரியல. நீ வந்து சொன்னப்ப உன்னயக் கொன்னு போடலாம்னு கோவம் வந்துச்சு. ஆனா இந்தக் கொட்டாய்க்கு வந்துதான் கண்ண மூடித் தூங்குனேன்."

நாங்கள் அந்த ஒரு மத்தியானம் பட்ட பாட்டை அவர் தன்னந்தனியாக எத்தனை காலையில் பட்டிருக்கிறார்! அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கஞ்சி இருக்குதா?" என்று கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடி வந்தது. மஞ்சள் பூசும் அன்று பெண்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது, "மொத மஞ்ச நீ வையி அம்மணி" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார் அக்கா. வேதக்காரி வைப்பதா என்று யாரோ முனகினார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், முனகல் நின்றுபோயிற்று. நான் கன்னத்தில் வைத்தேன், கழுத்தில் வைத்தேன், கையில் பூசினேன். என்னை அறியாமலே என் விரல் அவள் கம்புக்கூட்டுக்குள் போய் அழுத்திப் பார்த்தது. "ஐயோ, கூசுதுங்கக்கா!" என்று அவள் நெளிந்து சிரித்தாள். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் அக்காவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தோம்.

என் கணவர் காலமான பிறகு வீட்டில் சாப்பாட்டு ஜெபம் சொல்வது என் பொறுப்பாயிற்று. என் ஜெபமும் நீளம்தான், பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் எல்லாரையும் காத்தருளும் என்று சொல்ல வரும்போது, நானும் எதையாவது கூடை போட்டு மூடிவைத்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறேனா என்று ஒரு கணம் நின்று பார்த்துக்கொள்ளாமல் இன்றுவரை எனக்கு ஆமென் சொல்ல வருவதில்லை.